இணைக்காத அழைப்பு

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் மூட்டு வலி கூடியதா குறைந்ததா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கல்யாண வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தவள் நீ. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறேன். நம் வாண்டும் அவன் பெண்டாட்டியும் நன்றாக இருக்கிறார்கள். ரொம்ப நன்றாகவே இருக்கிறார்கள்.

சொன்னால் சிரிப்பாய். முன்பெல்லாம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மரத்தூள் ஒட்டிய கையோடு ஓடி வருவான். நாற்காலிப் பட்டறையில் யார் யாரைத் திட்டினார்கள், எந்தக் கால் கோணலாகிப் போனது, எல்லாவற்றையும் கையாலேயே கொட்டித் தீர்ப்பான். காது கேட்காத பிள்ளையும் நானும் அடுப்படியில் நாங்களாக உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சு அது. உனக்கே பாதி புரியாது. அவளுக்கும் காது கேட்காது, ஆனால் பள்ளிக்கூடத்தில் முறையாகச் சைகை மொழி படித்தவள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவனுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள், நடுவில் நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். நேற்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என்னடா என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, அப்புறம் சொல்றேன்" என்று கை காட்டினான். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

இன்னொரு விஷயம். வேறு ஊரில் உள்ள ஒரு பெரிய மரச்சாமான் தொழிற்சாலைக்கு இரண்டு பேரும் மனுப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் அவள் ஏற்பாடு. அவன் செய்த நாற்காலி ஒன்றையும் மாதிரிக்கு அனுப்பியிருக்கிறான். வேலை கிடைத்தால் குடியிருக்க வீடும் தருவார்களாம். தகவல் சொல்ல என் போர்டு நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். வேறு யார் போன் எடுப்பார்கள் இவர்களுக்கு? கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மாத்திரையை வேளைக்குப் போடு.

உன் தங்கை


ஜனவரி 30

என் அருமைத் தங்கச்சிக்கு,

மூட்டு வலி நான் இருக்கும்வரை என்கூட இருக்கும், அதை விசாரிக்காதே. உன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து எழுது. மருந்துக்கடைக்காரியிடம் மறைக்காதே.

"ரொம்ப நன்றாகவே இருக்கிறார்கள்" என்று எழுதிய இடத்தில் உன் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. உனக்குப் பொறாமையடி. நம் இருவருக்குள் அதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவானேன்? வயிற்றெரிச்சலுக்கு என் கடையில் மாத்திரை இருக்கிறது, ஆனால் இந்த வயிற்றெரிச்சலுக்கு அது கேட்காது.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பிறந்ததிலிருந்து அவனுக்குக் காதும் நீ, வாயும் நீ. டாக்டரிடம் நீ பேசினாய், வாத்தியாரிடம் நீ பேசினாய், பட்டறை முதலாளியிடம் சம்பளம் பேசியதும் நீதான். திடீரென்று ஒருத்தி வந்து இனிமேல் நாங்களே பேசிக்கொள்கிறோம் என்றால் வலிக்கத்தான் செய்யும். வலித்தால் வலிக்கிறது என்று எனக்கு எழுது, அவர்கள் தலையில் கொட்டாதே. அவர்கள் பேச்சைக் கற்றுக்கொள். கல்யாண வீட்டுச் சந்தடியிலும் உன் மருமகள் எனக்கு நாலு சைகை சொல்லிக்கொடுத்தாள். நான் தப்புத் தப்பாகக் காட்டியதற்குச் சிரிக்கவில்லை.

தொழிற்சாலைக்காரர்கள் கூப்பிட்டால் உடனே எழுது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இந்த மூட்டே சும்மா இருந்தது.

உன் அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. உனக்குச் சளி பிடித்திருப்பதாகப் பக்கத்து ஊர்க்காரர் சொன்னார், பார்த்துக்கொள்.

எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை. பொறாமைப்பட அவள் என்ன மகாராணியா? "நான் சொல்லித் தரட்டுமா அத்தை?" என்று ஒரு தாளில் எழுதி நீட்டினாள். நான் பெற்ற பிள்ளையோடு பேச நான் அவளிடம் பாடம் படிக்க வேண்டுமாம். எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

வாசல் மணிக்கு ஒரு பல்பு மாட்டியிருக்கிறாள். யாராவது மணியை அழுத்தினால் கூடத்தில் அது மின்னுகிறது. யாராவது வந்தால் நான்தான் அவன் தோளைத் தட்டிச் சொல்லுவேன். சின்ன வயதிலிருந்தே அரை மணிக்கு ஒரு தரம் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அவனுக்கு. எனக்கு ஏதாவது கேட்கிறதா என்று அந்தப் பார்வையில்தான் கேட்பான். இப்போது பல்பைப் பார்க்கிறான்.

அந்த வேலை ஆகவில்லை. தினமும் சாயங்காலம் புருவத்தை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தான். போன வியாழக்கிழமை இல்லை என்று கையை ஆட்டிவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தலைவலி வேறு. போர்டைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு காண்டீனில் போய் உட்கார்ந்திருந்தேன்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை


மார்ச் 5

தங்கச்சிக்கு,

சளி போய்விட்டது. உன் தலைவலி போயிற்றா?

பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டால்கூட எந்தக் குட்டி என்ன நிறம் என்று ஒரு பக்கம் எழுதுபவள் நீ. பிள்ளையின் வேலை போன கதையை மூன்றே வார்த்தையில் முடித்திருக்கிறாய். யார் பேசினார்கள்? என்ன குறை சொன்னார்கள்? நாற்காலியைத் திருப்பி அனுப்புகிறார்களா? தலைவலி என்று நீ போர்டை விட்டு எழுந்ததாக என் ஞாபகத்திலேயே இல்லை. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் "லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நீ.

கேட்டதற்குப் பதில் எழுது.

உன் அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறந்திருக்கிறார்கள், எக்ஸ்டென்ஷன் எல்லாம் மாறி ஒரே குழப்பம். உன் உடம்பு பரவாயில்லையா?

வாண்டுதான் சரியில்லை. பட்டறைக்குப் போகிறான், வருகிறான், சுவரைப் பார்த்து உட்காருகிறான். பின்கட்டில் தனக்கென்று ஒரு சாய்வு நாற்காலி செய்துகொண்டிருந்தான் அல்லவா? அதன் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டான். அவள்தான் வேளாவேளைக்குத் தட்டை அவன் முன்னால் கொண்டுபோய் வைக்கிறாள். நான் வைத்தாலும் சாப்பிடுகிறான், ஆனால் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி வந்தாள். நெட்டையாக, கண்ணாடி போட்டவள். அவளுக்கும் காது கேட்காது. வாண்டு கடைக்குப் போயிருந்தான். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து கையை வீசி வீசிப் பேசினார்கள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நெட்டைச்சி ஏதோ கேட்டாள். என் மருமகள் பாதியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பேர் கையும் மடியில் போய் உட்கார்ந்துவிட்டது. அப்படி ஒரு அமைதி, அக்கா. காது கேட்கிறவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

அவள் போன பிறகு "என்ன பேசினீங்க?" என்று தாளில் எழுதிக் கேட்டேன். "பழைய கதை, அத்தை" என்று எழுதினாள். எழுதிவிட்டு என் கண்ணையே பார்த்தாள். நான்தான் முதலில் குனிந்தேன்.

உன் தங்கை


ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய பெரியம்மாவுக்கு,

நீங்கள் நல்ல உடம்போடு இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இப்படி ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் என் பள்ளித் தோழி வேலை பார்க்கிறாள். போன வாரம் வந்திருந்தாள். வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏன் வர மாட்டேன்னு சொன்னீங்க?" என்பதுதான். எனக்குப் புரியவில்லை. மேனேஜர் பிப்ரவரியிலேயே போன் செய்திருக்கிறார். "அவங்க அம்மாதான் பேசினாங்க, பையனுக்கு இஷ்டமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று எல்லோரிடமும் வருத்தப்பட்டிருக்கிறார். நாற்காலி இன்னும் அவர் அறையில்தான் இருக்கிறதாம். அவரே அதில்தான் உட்காருகிறாராம்.

அத்தை இவரிடம் சொன்னது வேறு. தொழிற்சாலையில் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இவர் அதைத் தன் கைமேல் வந்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார். "நான் பட்டறைக்குத்தான் லாயக்கு" என்கிறார். வீட்டில் உளியையே எடுத்து வைத்துவிட்டார், பெரியம்மா. உளி இல்லாமல் அவர் எப்படி இருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு கை அசைத்தால் போதும், சொல்லிவிடலாம். சொன்னால் அவருக்கு அம்மா இல்லாமல் போய்விடுவார்கள். அதைச் செய்தவள் நான் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் நானும் அவரை ஏமாற்றுகிறவள்தான். தினமும் மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

அந்த இடம் ஜூன் வரை காலியாக இருக்குமாம். நான் என்ன செய்யட்டும்?

உங்கள் மருமகள்


ஏப்ரல் 9

தங்கச்சி,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு நன்றாக இல்லை.

பிப்ரவரியில் உன் போர்டுக்கு ஒரு அழைப்பு வந்தது. அதில் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

திட்டுவதற்காக எழுதவில்லை. திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்திருப்பேன். நீ அவனைப் பிரிய மாட்டாமல் செய்தாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் தன் கையையே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இருப்பதெல்லாம் அந்த இரண்டு கைதானே? வேலையும் அதுதான், பேச்சும் அதுதான். அதையா நீ முடக்க வேண்டும்?

இடம் இன்னும் போய்விடவில்லை. ஜூனுக்குள் அவனிடம் நீயே சொல். வேறு யார் சொல்லியும் அவன் தெரிந்துகொள்ளக் கூடாது.

உன் அக்கா


மே 3

அக்காவுக்கு,

நலம். இங்கே வெயில் அதிகம். குளியலறைக் குழாய் ஒழுகி, ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போனான்.

நீ எழுதியதைப் பார்த்தேன். அவனிடம் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

தங்கை


மே 8

தங்கச்சி,

நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு சின்னக் கடிதம் எழுதியிருக்க மாட்டாய். அவன் முகம் எப்படிப் போனது, கை எங்கே நின்றது என்று நாலு பக்கம் எழுதி அழுதிருப்பாய். பிள்ளையிடம் ஒரு பொய், அக்காவிடம் ஒரு பொய். அடுத்தது யாருக்கு?

இந்த மாதக் கடைசியில் ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நான் வந்து இறங்கும்போது அவனுக்குத் தெரிந்திருக்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன். எனக்கு வந்த நாலு சைகையை வைத்துக்கொண்டு எப்படியாவது சொல்லிவிடுவேன்.

மாத்திரையை ஒழுங்காகப் போடு.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பை இந்தத் தரம் நான் விசாரிக்கவில்லை. எழுத ஆரம்பித்தால்தான் எழுதி முடிப்பேன்.

முன்னால் எழுதியது பொய்தான். சொல்லப் போனேன். மூன்று தரம் அவன் எதிரே போய் உட்கார்ந்தேன். கையைத் தூக்கினால் வார்த்தை இல்லை, அக்கா. எங்கள் கைப்பேச்சில் சாப்பாடு இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, பஸ், மழை, வலி, யார், வா எல்லாம் இருக்கிறது. பொய் சொன்னேன் என்பதற்கு ஒன்றுமில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டியதோடு அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவன் ஆறடி வளர்ந்துவிட்டான், பேச்சு மட்டும் அடுப்படியிலேயே நின்றுவிட்டது. எழுதிக் காட்டலாம்தான். எழுதி நீட்டிவிட்டு நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

முதலில் தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். என் போர்டிலிருந்தே செய்தேன். அந்த வியாழக்கிழமை மேனேஜர், "நாற்காலி பிரமாதம்மா, ரெண்டு பேரையுமே எடுத்துக்கறோம்" என்றுதான் சொன்னார். என் வாய், "அவனுக்கு வர இஷ்டமில்லைங்க" என்றது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டுத் திருத்தவும் இல்லை. யார் யாருக்கோ நாள் முழுக்க லைன் கொடுக்கிறேன், என் பிள்ளைக்கு வந்த ஒன்றை நானே அறுத்தேன். இப்போது, "அன்னிக்குப் பேசினது நான்தாங்க, அவனைக் கேட்காமலே சொல்லிட்டேன்" என்றேன். அவர், "இடம் இருக்கும்மா. ஆனா இந்தத் தடவை அவங்களே எழுதி அனுப்பட்டும்" என்றார். என் வார்த்தைக்கு அவ்வளவுதான் மதிப்பு. அதற்கு நான் கோபப்பட முடியுமா?

அன்று சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாளில் எழுதிக் காட்டினேன்: "நான் பொய் சொன்னேன், மறைத்தேன் என்பதை எப்படிக் காட்ட வேண்டும்?" படித்துப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. முகத்தில் ஆச்சரியமே இல்லை. அந்த நெட்டைச்சி வந்த அன்றிலிருந்தே இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எனக்குத் தட்டு வைத்திருக்கிறாள், என் துணியை மடித்திருக்கிறாள். ஒரு அசைவில் என் பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கியிருக்கலாம். நானாக இருந்தால் பிடுங்கியிருப்பேன்.

சொல்லிக்கொடுத்தாள். என் விரலைப் பிடித்து உதட்டருகே வைத்து இழுத்துக் காட்டினாள். எனக்குத் தப்பாகவே வந்தது. மறுபடி மறுபடி திருத்தினாள். மூன்று வரி கற்றுக்கொள்ள எனக்கு இருட்டும்வரை ஆயிற்று.

அவன் வந்ததும் உட்கார வைத்துச் சொன்னேன். மேனேஜர் கூப்பிட்டார். உன் நாற்காலி நன்றாக இருக்கிறது என்றார். நான் பொய் சொன்னேன், மறைத்தேன்.

என் கையில் அந்தப் பள்ளிக்கூடச் சைகையைப் பார்த்ததும் முதலில் அவனுக்கு முகம் மலர்ந்தது, அக்கா. அம்மா கற்றுக்கொண்டாள் என்று சந்தோஷம். அப்புறம்தான் சொன்னது உள்ளே போயிற்று. என்னைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். காது கேட்கிறவன் என்றால் கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று கத்தலாம், அழலாம். இவன் கண்ணை மூடிக்கொண்டால் நான் இல்லை. நான் எதிரே உட்கார்ந்து காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்த வலியை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அவள்தான் எழுந்து வந்தாள். அவன் தாடையைப் பிடித்து முகத்தை என் பக்கம் திருப்பினாள். கட்டை விரலால் அவன் இமையைத் தடவினாள். அவன் கண்ணைத் திறக்கும்வரை விடவில்லை. திறந்ததும் என்னைப் பார்த்து, "இப்ப சொல்லுங்க" என்று கை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

முதலிலிருந்து மறுபடி சொன்னேன். ஏன் என்று ஒன்றுதான் கேட்டான். பயம் என்று சொன்னேன். அதற்கு எங்கள் பழைய பேச்சிலேயே சைகை இருக்கிறது, யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் எழுந்து பின்கட்டுக்குப் போனான். நாற்காலி மேலிருந்த சாக்கை உருவிப் போட்டான்.

மேனேஜருக்கு அவர்களே எழுதி அனுப்பிவிட்டார்கள், ஜூன் முதல் வாரம் போகிறார்கள். என்னோடு அவன் பேசுவதில்லை. நீ டிக்கெட்டை ரத்து செய்யாதே. வந்து என்கூடக் கொஞ்ச நாள் இரு. வீடு காலியாக இருக்கும்.

உன் தங்கை


ஜூலை 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் ரத்த அழுத்தம் ஏறியிருப்பதாகப் பெரியம்மா எழுதியிருந்தார்கள். மருந்தை நிறுத்தாதீர்கள், பெரியம்மா கூட இருக்கும்போது நிறுத்தவும் முடியாது. இங்கே நாங்கள் சுகம். ஜன்னலைத் திறந்தால் மரக் கிடங்கு தெரிகிற மாதிரி இரண்டு அறை வீடு. எனக்கு மெத்தைத் துணி தைக்கும் பிரிவில் வேலை.

அவருக்கு உங்கள் மேல் கோபம் போகவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒரு மாதமாக உங்களைப் பற்றிப் பேச்சையே எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

இன்றைக்கு மேஸ்திரி, புதிதாகச் செய்யப் போகிற நாற்காலிக்கு இவர் செய்ததைத்தான் அச்சாக எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே இரண்டு கையாலும் சொல்லித் தீர்த்தார். சொல்லி முடித்ததும், "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"நீங்க இப்பத்தானே எனக்கே சொல்றீங்க. அவங்களோட பேசமாட்டேன்னும் சொன்னீங்களே" என்றேன்.

"நான் பேசமாட்டேன். நீ சொல்லு" என்றார். சமையலைக்கூட ஆரம்பிக்க விடவில்லை. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் எழுதுவதை நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் சொல்லிவிட்டேன், அத்தை.

உங்கள் மருமகள்